சோவானாவை எடுத்துவிடாதீர்கள்: பயண ஏற்பாட்டாளர் ஒருவருக்குத் திறந்த மடல்

பயணத்தை நடத்திய ஐயா அவர்களுக்கும், எங்கள் பேருந்தில் வழிகாட்டியாக வந்த தம்பிக்கும்,

போன செவ்வாய்க்கிழமை நம் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். அடுத்த முறையிலிருந்து இத்தாலிப் பயணத்தில் சோவானா என்ற சின்ன ஊர் கிடையாது, அந்த அரை நாளில் ரோமுக்கு வெளியே இருக்கும் தள்ளுபடிக் கடைகளுக்குக் கூட்டிப்போகிறோம், "பயணிகளின் விருப்பத்தை ஏற்று" இப்படி முடிவு செய்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்று ஒருவர் கேட்டார். "அங்கே என்ன இருக்கு, நாலு கல்லறைதானே" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. குழுவுக்குள் எழுதினால் நமக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்து உங்களிடம் பணம் கட்டப்போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த "பயணிகளின் விருப்பம்". என்னை யாரும் கேட்கவில்லை. என் அப்பாவைக் கேட்கவில்லை. சேலத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மாவிடம் நேற்று போனில் பேசினேன், அவரையும் கேட்கவில்லை. பேருந்தில் 38 பேர் இருந்தோம். அதில் கல்லறைகள் வரை போய்ச் சேர்ந்தது 9 பேர். மற்ற 29 பேர் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை, பார்க்காத இடத்தைப் பிடிக்கவில்லை என்று அவர்கள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

ஏன் பார்க்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உங்கள் துண்டறிக்கையில் அன்றைய நாளுக்கு எதிரே "குன்றின்மேல் இடைக்கால ஊர், எட்ருஸ்கர் கல்லறைகள், அரை நாள்" என்று அச்சிட்டிருந்தது. எட்ருஸ்கர்கள் என்றால் ரோமர்கள் தலையெடுக்கும் முன்பே அந்தப் பகுதியில் வாழ்ந்த பழைய மக்கள். மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளை வைத்துப் பார்த்து, அந்த ஒரு வரிக்காகத்தான் உங்களிடம் வந்தேன். என் அப்பாவுக்கு 71 வயது, நாற்பது வருஷம் கல்வேலை செய்தவர். உளி பிடித்த கை. பாறையிலேயே வெட்டிய கோயில் போன்ற கல்லறை ஒன்று இத்தாலியில் இருக்கிறது என்று நான் படத்தைக் காட்டியதிலிருந்து அவர் வேறு எதையும் கேட்கவில்லை, பிசா கோபுரத்தைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு ரோமிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து ஒன்பதரைக்குக் கிளம்பியது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பாதை. போய் இறங்கி, ஊருக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பொட்டலச் சாப்பாட்டை முடித்தபோது மணி 1.05. 1.50க்கு எல்லோரும் பேருந்தில் இருக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னீர்கள், ஏனென்றால் மாலையில் தோல்பொருள் கடை ஒன்றில் நேரம் சொல்லி வைத்திருந்தது. கல்லறைகள் ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவு தள்ளி இருக்கின்றன, பேருந்து அங்கே வரை போகவும் இல்லை. முழங்கால் வலியோடு அப்பா வேகமாக நடந்தார். பெரிய கல்லறைக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்கி நிமிர்ந்த நேரத்தில் என் போன் அடித்தது, கிளம்பலாம் என்று. திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. தோல்பொருள் கடையில் நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

அப்புறம் அந்த மைக். இறங்குவதற்கு முன்னால் தம்பி சொன்னார், "சுடுகாடு பார்க்க விருப்பப்படுகிறவர்கள் மட்டும் நடங்க, மத்தவங்க ஊருக்குள்ள ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்று. பேருந்தில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். சுடுகாடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். "ஊர் விட்டு ஊர் வந்து தீட்டை வாங்கிக்கணுமா" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாம் அப்படி வளர்ந்தவர்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர் தம்பி, அதற்குத்தான் அவர் எங்களோடு வந்தார்.

சொல்லியிருந்தால் அந்த அம்மா வந்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் சோவானாவின் பழைய கிறிஸ்தவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் எட்ருஸ்கர்கள் பாறையைப் பிளந்து வெட்டிய பாதைகள் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் "வியே காவே" என்கிறார்கள். சில இடங்களில் இரண்டு பக்கமும் பாறை இருபது மீட்டருக்கு மேல் நிற்கும், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம், மேலே வானம் ஒரு கோடு. கல்லறைகளுக்கு நடுவே போகும் இந்தப் பாதைகளில் பேய் பிசாசு இருக்கும் என்று பயந்து, பாறையில் சிறிய மாடம் குடைந்து சாமிப் படம் வைத்தார்கள். அந்த மாடத்துக்கே அவர்கள் மொழியில் "பிசாசை விரட்டுவது" என்றுதான் பெயர். பயந்தார்கள், மாடத்தில் சாமியை வைத்தார்கள், அந்த வழியாகவே நடந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மைக்கில் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

ரோமில் கடைசி நாள் ஓய்வு நாள் என்று விட்டிருந்தீர்கள். அன்றைக்கு நான், அப்பா, தலைமையாசிரியை அம்மா, அவர் கணவர் நாலு பேரும் சேர்ந்து ஓட்டுநரோடு ஒரு கார் பிடித்து மறுபடியும் சோவானாவுக்குப் போனோம். ஏற்கெனவே காசு கட்டிய இடத்துக்கு இன்னொரு முறை காசு கட்டிப் போனோம். ஐந்து மணி நேரம் இருந்தோம். அங்கே என்ன இருக்கிறது என்று உங்கள் அலுவலகம் கேட்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊர் ஒரு பாறைத் திட்டின்மேல் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஓடைப் பள்ளம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை, பொல்சேனா ஏரியைச் சுற்றியிருந்த எரிமலைகள் கக்கியது, தேன் நிறமும் செம்மண் நிறமும் கலந்து இருக்கும். நுழையும் இடத்தில் அல்தோப்ராந்தெஸ்கி பிரபுக்களின் கோட்டை இடிந்து நிற்கிறது. அங்கிருந்து மறுகோடி வரை போவதே ஒரு பத்து நிமிட நடைதான். நடுத்தெருவில் செங்கல்லைக் குத்துவாட்டில் மீன்முள் போலப் பதித்திருக்கிறார்கள், அப்பா குனிந்து அந்த இணைப்புகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். சதுக்கத்தில் பழைய ஆட்சி மாளிகையின் சுவர் முழுக்க கல்லில் செதுக்கிய கேடயங்கள், சியேனா நகரத்தின் ஆட்சியில் அங்கே அதிகாரிகளாக இருந்தவர்களின் சின்னங்கள். பக்கத்தில் சாந்தா மரியா தேவாலயத்துக்குள் நாலு தூண்மேல் ஒரு கல் விதானம் நிற்கிறது, 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு வேலை, கொடிப்பின்னலும் பறவையுமாக. மறுகோடியில் பெரிய தேவாலயம். ஒரு காலத்தில் ஆயர் (பிஷப்) இருந்த ஊர் அது. மலேரியா காய்ச்சலில் ஊர் கரைந்து, ஆயரும் பக்கத்துப் பித்திலியானோவுக்குப் போய்விட்டார். இன்றைக்கு அங்கே குடியிருப்பவர்களை எண்ணிவிடலாம். இவ்வளவு சின்ன ஊரில் பிறந்தவர்தான் போப் ஏழாம் கிரகோரி, 1077இல் கனோசாவில் மன்னிப்புக் கேட்டு வந்த ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றியைப் பனியில் காக்க வைத்தவர். அவருடைய இயற்பெயர் இல்தெப்ராந்தோ.

அந்தப் பெயரைத்தான் பெரிய கல்லறைக்கு வைத்திருக்கிறார்கள், இல்தெப்ராந்தா கல்லறை. போப்புக்கும் கல்லறைக்கும் சம்பந்தமில்லை. கல்லறை கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, போப் பிறக்க ஏறத்தாழ 1,300 வருஷம் முந்தியது, ஊரின் பெரிய மனிதர் பெயரை ஊரின் பெரிய கல்லறைக்கு வைத்துவிட்டார்கள். தம்பி எங்களிடம் "போப்பைப் புதைத்த இடம்" என்று சொன்னார். தயவுசெய்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் போப் இறந்ததும் அடக்கமானதும் தெற்கே சலேர்னோவில்.

அப்பா அந்தக் கல்லறை முன்னால் இந்த முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். கட்டிய கல்லறை இல்லை அது. சரிவில் இருக்கும் பாறையை வெட்டிக் கோயில் முகப்பாகவே ஆக்கியிருக்கிறார்கள், உயரமான மேடை, இரண்டு பக்கமும் படி, மேலே தூண் வரிசை. இன்றைக்கு முழுதாக நிற்பது ஒரு தூண்தான். "குடைவரைதான் இது" என்றார் அப்பா முதலில். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கருங்கல்லுன்னா ஒரு நாள் எடுக்கிற வேலையை இதுல ஒரு மணி நேரத்துல கொத்திடலாம், அவ்வளவு இளகின கல். ஆனா இளகின கல்லுலதான் பயம் அதிகம். தூண்ல ஒரு துண்டு பேந்துச்சுன்னா வேற தூண் கொண்டாந்து வைக்க முடியாது, மலையே தூண். அதனால இவன் மேல இருந்து கீழ பொறுமையா வந்திருக்கான்." தூணின் தலைப்பகுதியான போதிகையில் இலைகளுக்கு நடுவே மனிதத் தலை செதுக்கியிருந்தது தேய்ந்துபோய் இருக்கிறது. வெட்டுப் பாதையில் போகும்போது பாறையில் உளித் தடம் சாய்வாக வரிவரியாக இருந்த ஓர் இடத்தில் நின்று, ஒரு விரற்கடை தள்ளி, கல்லைத் தொடாமல் அந்தச் சாய்வின்மேலேயே விரலை ஓட்டிப் பார்த்தார். ஏன் தொடவில்லை என்று கேட்டேன். கைப்பிசுக்கு ஏறும் என்றார். வலது கைக்காரன் வெட்டியது என்றும் சொன்னார்.

கல்லறை என்றால் நாம் நினைக்கிற மாதிரி எலும்பும் இருட்டும் அங்கே கண்ணில் படுவதில்லை. முகப்புக்குக் கீழே பூமிக்குள் இறங்கும் ஒரு நீளமான நடைவழி, அதன் முடிவில் வெறுமையான ஓர் அறை, அவ்வளவுதான். நடைவழியில் இறங்க இறங்க வெயில் குறைந்து குளிர் ஏறுவது காலில் தெரியும். நாங்கள் முதல் முறை போன 9 பேரில் ஒருவர்கூட அதற்குள் இறங்கவில்லை, நேரம் இல்லை. கொஞ்சம் தள்ளி, 2004இல் கண்டெடுத்த சிறகு முளைத்த பூதங்களின் கல்லறை. அதில் இறந்தவர் விருந்துக்கு வந்தவர் போலச் சாய்ந்து படுத்திருக்கிறார், பக்கத்தில் கல் சிங்கங்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லறை, அதன் முகப்பிலும் இறந்தவர் சாய்ந்தேதான் இருக்கிறார். எட்ருஸ்கர்கள் இறந்தவரை அழுதபடி செதுக்கவில்லை, விருந்தில் வைத்துச் செதுக்கினார்கள். கல்லறைக்கு அவர்கள் மொழியில் "சுதி" என்று பெயர். பக்கத்துப் பொல்சேனா ஏரிப் பகுதியில் கிடைத்த வெண்கலப் பாத்திரங்களில் "சுதினா", அதாவது கல்லறைக்கு உரியது, என்று பொறித்திருக்கும். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். எழுத்தைப் படிக்க முடிகிறது, மொழியின் நிறையச் சொற்களுக்குப் பொருள் இன்னும் பிடிபடவில்லை. இதைச் சொன்னபோது தலைமையாசிரியை அம்மா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தமிழ் கற்பித்தவர் அவர்.

சாமுவேல் எய்ன்ஸ்லி என்ற ஆங்கிலேய ஓவியர் 1843இல் இந்தக் கல்லறைகளைக் கண்டு சொல்லும் வரை வெளியுலகத்துக்கு இவை தெரியாது. காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் ஒதுங்கிய ஊர் அப்போது. நம் பேருந்து ஏசி போட்டுக்கொண்டு போய் நிற்கிறது, நாம் 45 நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும். முதல் நாள் நம் குழுவில் இரண்டு பையன்கள் வெட்டுப் பாதையின் பாறையில் சாவியால் பெயர் எழுதினார்கள். கல் இளகினது என்றேனே, ஒரு கீறலில் எழுத்து விழுந்துவிடுகிறது. தம்பி பார்த்தார், சிரித்தார், படமும் எடுத்தார். இரண்டாவது முறை நாங்கள் போனபோது அந்தத் தமிழ் எழுத்து அங்கேயே இருந்தது, புதுக் கீறல் என்பதால் வெளுத்துத் தனியாகத் தெரிந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார். 38 பேரின் சாப்பாட்டுத் தட்டுகளும் சாம்பார் கப்புகளும் அந்தச் சின்ன ஊரின் ஒரே ஒரு குப்பைத் தொட்டியில் வழிந்தபடி விட்டு வந்தோம். அந்த ஊரில் ஒரு காப்பிகூட வாங்காமல் குப்பையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தோம், இதில் நானும் உண்டு.

வியாபாரம் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். பேருந்து வாடகை, ஓட்டுநரின் வேலை நேரக் கட்டுப்பாடு, கடைக்காரர்கள் தரும் பங்கு, எல்லாம் இருக்கும். நம்ம சாப்பாட்டை மூன்று வேளையும் தவறாமல் கொடுத்தீர்கள், ஃபுளோரன்சில் ஒரு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது இரவெல்லாம் கூட இருந்தீர்கள், அதை மறக்கமாட்டோம். அதனால்தான் வேறு நிறுவனம் தேடிப் போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன். வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியாது, அவர்களுக்குக் கடையும் படமும் போதும் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு வலிக்கிறது. என் அப்பா எட்டாம் வகுப்பு. அந்தக் கல்லை அவரைவிட நன்றாகப் படித்தவர் எங்கள் பேருந்தில் ஒருவரும் இல்லை.

நான் கேட்பது இவை. சோவானாவை எடுக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள், குறைந்தது முடிவு எடுக்கும் முன் எங்கள் 38 பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், கேட்காமல் "பயணிகளின் விருப்பம்" என்று எழுதாதீர்கள். வைத்துக்கொள்வதானால் அங்கே நாலு மணி நேரமாவது கொடுங்கள், அந்த நாளில் வேறு கடை வேண்டாம். ஊரில் இறங்கும் முன் முதலில் கல்லறைகளின் நுழைவாயிலில் ஆட்களை இறக்கிவிடப் பேருந்துக்கோ சின்ன வண்டிக்கோ ஏற்பாடு செய்யுங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டர் மிச்சமாகும். எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி, கரடுமுரடான பாதையா என்பதைத் துண்டறிக்கையில் உள்ளபடி அச்சிடுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, தம்பி அவர் பேசுவதைத் தமிழில் சொல்லட்டும், அதற்கு ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் நாங்கள் தருவோம். அந்த இடத்தைச் சுடுகாடு என்று மைக்கில் சொல்ல வேண்டாம். பாறையில் கீறக்கூடாது என்பதைப் பேருந்திலேயே சொல்லுங்கள், கீறுகிறவரைத் தடுங்கள். நம் குழுவில் இருவர் எழுதியதைப் பற்றி அந்தத் தொல்லியல் பூங்காவுக்கு நீங்களே எழுதித் தெரிவியுங்கள், எந்தப் பாதை, எந்த இடம் என்பதை நான் படத்தோடு அனுப்புகிறேன். சாப்பாட்டுக் குப்பையைப் பேருந்திலேயே திரும்பக் கொண்டுவாருங்கள், ஒரு வேளைக் காப்பியையாவது அந்த ஊரில் குடிப்போம்.

"நாலு கல்லறைதானே" என்ற அந்தப் பதிலை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் அப்பா எடுத்த படங்களைப் போடுங்கள். பதினேழு படங்கள் இருக்கின்றன, பதினொன்றில் உளித் தடம் மட்டும்தான். இன்றிரவே உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிடுகிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இத்தாலிப் பயணத்தில் 14, 15ஆம் இருக்கைகளில் வந்த அப்பாவும் மகளும்